வெற்றிடக் கலனின் சுவர்

வாயுவின் அணுக்களை அயனிகளாக்கி, மின்புலத்தால் முடுக்கி, நொடிக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வெளியேற்றுவதே அயனி எந்திரத்தின் பணி. வேகம் பெரிது, வெளியேறும் பொருளோ மிகச் சொற்பம். ஆதலால் சிறு செயற்கைக்கோளின் எந்திரம் தரும் விசை ஒரு மில்லிநியூட்டன் அளவில்தான் இருக்கும். ஏ4 தாளை ஐம்பது துண்டாக்கினால் ஒரு துண்டு உள்ளங்கையை அழுத்தும் விசை அது.

இதைத் தரையில் அளக்க வெற்றிடக் கலனும் ஊசல் தராசும் உண்டு. ஆனால் கலனுக்குச் சுவர் உண்டு என்பதை மறக்கலாகாது. நேர்மின் அயனிகள் நீங்க நீங்க, செயற்கைக்கோளில் எதிர்மின்னேற்றம் சேரும், போன அயனிகளையே அது திரும்ப இழுக்கும், உந்துதல் அற்றுப்போகும். அதனால்தான் அயனிக் கற்றையோடு எலக்ட்ரான்களையும் உமிழ்ந்து மின்னேற்றத்தைச் சமன் செய்கிறார்கள். கலனுக்குள் உலோகச் சுவரே எலக்ட்ரான்களைத் தந்துவிடக்கூடும். அப்படியானால், சமன் செய்தது எந்திரமா, சுவரா?

இந்த ஐயத்தைத் தீர்க்கவே 1964 ஜூலை 20 அன்று நாசா, வாலப்ஸ் தீவிலிருந்து செர்ட்-1 கலத்தை ஏவியது. அது சுற்றுப்பாதையை எட்டாத குறும்பயணம். அதிலிருந்த இரு எந்திரங்களில் சீசியம் எந்திரம் இயங்கவில்லை. ஹெரால்டு காஃப்மன் வடிவமைத்த பாதரச எந்திரம் 31 நிமிடம் இயங்கியது. சுவரற்ற வெளியிலும் கற்றை சமனாயிற்று.

இனி அளவைக்கு வருவோம். விண்ணில் தராசு இல்லை, சுற்றுப்பாதையே தராசு. 20 கிலோ செயற்கைக்கோளை 0.8 மில்லிநியூட்டன் விசை தொண்ணூறு நிமிடம் தள்ளினால், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.2 மீட்டர் மாறும். அற்பமாகத் தோன்றும் இம்மாற்றம் பாதையை ஏறக்குறைய 400 மீட்டர் உயர்த்தும். அதை ஜி.பி.எஸ். தெளிவாகக் காட்டிவிடும்.

2020 நவம்பரில் சீனாவிலிருந்து ஏவப்பட்ட பெய்ஹாங்கோங்ஷி-1 செயற்கைக்கோளில், பிரான்சின் த்ரஸ்ட்மீ நிறுவனம் அயோடின் எந்திரத்தை இவ்வழியில்தான் சோதித்தது. வழக்கமான உந்துபொருளான செனானுக்கு உயரழுத்தக் கலம் தேவை. அயோடின் திண்மமாகவே அடங்கிக் கிடக்கும். சூடாக்கினால் ஆவியாகும், குளிர்ந்தால் நுண்துளையில் மீண்டும் படிந்து, வால்வு இன்றியே வழியை அடைக்கும். இந்த நுட்பத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். 11 இயக்கங்களில் பாதை மொத்தம் 3 கிலோமீட்டருக்கு மேல் மாறியது.

ஆயினும் அயனிகள் மோதி மோதி, தம்மை முடுக்கும் மின்வலையை அரிப்பதும், அயோடின் உலோகத்தைத் தின்பதும் ஆயிரக்கணக்கான மணி நேரத்தில்தான் வெளிப்படும். அந்த ஆயுள் சோதனையைச் செய்ய, சுவருள்ள அதே வெற்றிடக் கலனுக்குத்தான் எந்திரம் மீண்டும் போகிறது.