வாங்கியவருக்கும் பங்கு உண்டா?

கேரளத்தின் இடுக்கி மலையில் உள்ள சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களில் நிழலுக்காக விட்டிருக்கும் மரங்களில் மிளகுக் கொடி ஏறிப் படர்ந்திருக்கும். ஏலத்துக்கு விலை விழுந்த வருஷத்தில் சின்ன விவசாயியைத் தாங்குவது அந்தக் கொடிதான். 2017-இல் அதுவும் கைவிட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் கிலோ 700 ரூபாய்க்குப் பக்கத்தில் விற்ற மிளகு மாதாமாதம் இறங்கியது. வியட்நாம் மிளகு மலிவாக வந்து இறங்குகிறது, அதுவும் இலங்கை மிளகு என்ற பெயரில் வருகிறது என்று இடுக்கியிலும் வயநாட்டிலும் குடகிலும் விவசாயிகள் கொதித்தார்கள். இலங்கையோடு 2000-இல் நடைமுறைக்கு வந்த தடையற்ற வணிக ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு தீர்வையே இல்லாமல் இந்தியாவுக்குள் வரலாம். அந்த வாசல் வழியாக வேறு நாட்டுச் சரக்கும் நுழைகிறது என்பதுதான் புகார். 2017 டிசம்பரில் மத்திய அரசு இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தது.

அப்போது எழுந்த குரல் எளிமையானது: அந்நிய மிளகை வாங்காதீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மதுரையிலோ தேனியிலோ மளிகைக் கடையில் நூறு கிராம் மிளகு கேட்பவர் என்ன செய்வார்? சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள். சக்குபள்ளத்துக் கொடியில் காய்த்த மணியும் வியட்நாமின் நடு மேட்டுநிலத்தில் காய்த்த மணியும் அந்தச் சாக்கில் ஒன்றாகக் கிடந்தால், பிரித்துச் சொல்லக்கூடிய கண் சமையல்கட்டில் யாருக்கும் கிடையாது.

இதைப் பொருளாதாரக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு தீங்கு எங்கோ நடக்கிறது, அதன் விளைபொருள் கடைக்கு வருகிறது. காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்தத் தீங்கில் பங்கு உண்டா? தமிழில் இது மிகப் பழைய வழக்கு. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் எடுத்துக்கொள்வது இதைத்தான். தின்பவர் இல்லாவிட்டால் விலைக்குக் கொல்பவரும் இருக்கமாட்டார் என்பது அவர் வாதம். வாங்குபவரைத் தப்பவே விடுவதில்லை. பௌத்தர்கள் வேறு கோடு கிழித்தார்கள். தனக்காகக் கொல்லப்பட்டதைப் பிக்கு கண்ணால் காணாமல், காதால் கேளாமல், மனத்தால் ஐயப்படாமல் இருந்தால், பாத்திரத்தில் விழுந்த ஊனை உண்பதில் குற்றமில்லை என்றார்கள். சமணர்களுக்கு இது பொறுக்கவில்லை. சமணக் காப்பியமான நீலகேசி பௌத்தர்களோடு நடத்தும் நீண்ட வாதங்களில் ஊன் உண்ணும் விவகாரமும் ஒன்று.

இன்றைய சந்தை, அந்தப் பிக்குவுக்குக் கிடைத்த முதல் இரண்டு சலுகைகளையும் எல்லோருக்கும் தாராளமாகவே கொடுத்துவிட்டது. சட்டை எங்கே தைக்கப்பட்டது என்பதை யாரும் காண்பதில்லை. எந்தக் கூலிக்கு என்று கேட்பதுமில்லை. மூன்றாவதுதான் மிஞ்சி நிற்கிறது. ஐயம் இருக்கிறது. நல்ல மனசுள்ளவரை உறுத்துவது அந்த ஐயம்தான். புறக்கணிப்பு இயக்கங்கள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன.

ஐயத்தை வைத்து ஒரு நாட்டையே ஒதுக்க முடியுமா? 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். நாடெங்கும் சீனப் பொருளைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. கோபம் நியாயமானது, துயரம் உண்மையானது. ஆனாலும் சீனத்திலிருந்து வரும் இறக்குமதி 2023-24 நிதியாண்டில் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. வீட்டில் டி.வி.யை உடைத்தவர் மறுநாள் விழுங்கிய மாத்திரையின் மூலமருந்தே சீனத்திலிருந்து வந்திருக்கலாம். இந்திய மருந்து ஆலைகள் இறக்குமதி செய்யும் மூலப்பொருளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. இதில் யாரையும் கேலி செய்ய எதுவும் இல்லை. தனியொரு மனிதர் கடைவாசலில் நின்று எடுக்கக்கூடிய முடிவின் எல்லை அவ்வளவுதான்.

சுதேசிக் காலத்தவர்கள் இந்த எல்லையை நன்றாகவே அறிந்திருந்தார்கள். வ.உ.சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு வந்த ‘காலியா’ பிரான்சில் வாங்கிய கப்பல். வெள்ளைக்காரனின் கப்பலில் ஏறாதே என்று சொல்ல, இன்னொரு வெள்ளைக்கார நாட்டிடம் கப்பல் வாங்க வேண்டியிருந்தது. அதனால் அவர் நோக்கம் களங்கப்படவில்லை. அவர் ஐரோப்பா முழுவதையும் ஒதுக்கப் புறப்படவில்லை. தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தில் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்கப் புறப்பட்டார். குறி அத்தனை கூர்மையாக இருந்ததால்தான் அந்தக் கம்பெனி கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்தது, அரசு அவரையே சிறையில் தள்ளியது.

காந்தி பட்ட பாடு இன்னும் ஆழமானது. 1921 ஜூலை 31 அன்று பம்பாயில் அந்நியத் துணி மலைபோல் எரிந்தது. அவருடைய நெருங்கிய நண்பர் சி.எஃப்.ஆண்ட்ரூஸ் மனம் வருந்தி எழுதினார்: யாரோ சில ஆண்களும் பெண்களும் பாடுபட்டு நெய்த துணியை எரிப்பது எப்படி அகிம்சையாகும்? தாகூரும் அந்த நெருப்பை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும்போது, கதர் கட்டாதவர்களிடம் காந்தி பேச்சுக் கொடுத்தார். கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லை என்பது அவர்கள் சொன்ன பதில். புறக்கணிப்பு ஏழைக்குக் கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு இதைவிட நேரான வடிவம் கிடையாது. காந்தி அதற்குத் தன் உடையாலேயே பதில் சொன்னார். செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டு, முழங்கால் வரையிலான துண்டோடு வெளியே வந்தார். கதருக்கு வழியில்லாதவர் குறைவாக உடுத்தினால் போதும் என்றால், முதலில் குறைத்துக்கொள்ள வேண்டியவர் சொன்னவர்தான்.

ஆண்ட்ரூஸ் கேட்டதற்கும் அவர் பத்தாண்டு கழித்துப் பதில் தேடிப் போனார். 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்கு இடையே இங்கிலாந்தில் லங்காஷயரின் டார்வன் பகுதிக்குச் சென்று, புறக்கணிப்பால் வேலை இழந்த ஆலைத் தொழிலாளர் நடுவே நின்றார். அவர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். புறக்கணிப்புக்குக் குரல் கொடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு உண்டு? வியட்நாம் மிளகை ஒதுக்கச் சொல்லும்போது அங்கே கொடி வளர்ப்பவரும் கடன்பட்ட சிறு விவசாயிதான் என்பது நினைவில் இருக்கிறதா? இடுக்கி ஏலத்துக்கு உலகச் சந்தையில் போட்டி குவாத்தமாலா. அங்கே ஆல்ட்டா வெராபாஸ் மலைகளில் ஏலம் விளைவிப்பவர்களில் பெரும்பாலோர் மாயா இனத்து ஏழைக் குடும்பங்கள். நாடு என்று பெயர் சொல்லி ஓங்கிய கை, கடைசியில் இறங்குவது இவர்கள் முதுகில்தான்.

சக்குபள்ளம் இதை மறுபக்கத்திலிருந்தும் பட்டு உணர்ந்த ஊர். பூச்சிமருந்து எச்சத்தைக் காரணம் காட்டி சவுதி அரேபியா இந்திய ஏலக்காயை வாங்க மறுத்தபோது, ஒதுக்கப்பட்ட நாடு இந்தியா, அடிபட்டது இந்த மலை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றி, குமுளி எல்லை அடைபட்டது. தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்களுக்கு வேலை நின்றது. ஏலத்தட்டைக்கு அடியில் குனிந்து, தரையோடு படர்ந்த சரத்தில் விளைந்த காயை மட்டும் பார்த்து விரலால் கிள்ளுவது அவர்கள் வேலை. எடுக்க ஆள் இல்லாவிட்டால் காய் பழுத்து வெடித்துவிடும். பச்சைக் காய் ஏறத்தாழ ஐந்து கிலோ, ஸ்டோர் எனும் உலர்கூடத்தில் உலர்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். மலைமேல் தோட்டக்காரருக்கு நட்டம், அடிவாரத்தில் கூலி போச்சு, தேனிக் காய்கறி கேரளத்துக்குப் போகாமல் தேங்கியது. அணையைப் பற்றி முடிவெடுக்கக்கூடிய ஒருவரும் அந்த ஜீப்புகளில் போய்வந்தவர் அல்ல.

அப்படியானால் வாங்குபவருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு, வள்ளுவர் வாதத்தை எந்தச் சந்தையும் பொய்யாக்கிவிடவில்லை. ஆனால் அந்தப் பொறுப்பை நிறைவேற்றத் தேவையான அறிவு அவர் கையில் இல்லை. சபரிமலை அரவணைப் பிரசாத விவகாரம் இதைத் தெளிவாகக் காட்டியது. 2023 ஜனவரியில், அரவணையில் சேர்த்த ஏலக்காயில் 14 பூச்சிமருந்துகளின் எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாக ஆய்வறிக்கை வர, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. அந்த உத்தரவைப் பின்னர் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது என்பது வேறு விஷயம். 41 நாள் விரதமிருந்து மலையேறிய பக்தர், பிரசாதத்தை நாக்கில் வைத்து எந்த மருந்து என்று கண்டுபிடித்திருக்க முடியாது. கேள்வியை எழுப்ப ஒரு ஆய்வுக்கூடமும் ஒரு நீதிமன்றமும் வேண்டியிருந்தது.

மிளகுக்கும் வழி அதுதான். துறைமுகத்தில் பிறப்பிடச் சான்றிதழைச் சரிபார்க்கும் அதிகாரியால் முடிவது, ஆயிரம் குடும்பத் தலைவிகள் சபதம் எடுத்தாலும் முடியாது. இறக்குமதியான பொட்டலத்தில் நாட்டின் பெயரை அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மொத்த வியாபாரியின் கிட்டங்கியில் சாக்கோடு சாக்காகக் கலந்து, சில்லறையாக மளிகைக் கடைக்கு வரும்போது அந்தப் பெயர் காணாமல் போகிறது. சக்குபள்ளத்து விவசாயிக்குத் துணைநிற்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது அந்தச் சாக்குக்கும் ஒரு சீட்டு. அதைக் கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. அவருக்குச் சரக்குப் போட்ட மொத்த வியாபாரியிடமும், அவரைக் கேட்க அதிகாரம் உள்ள துறைகளிடமும் கேட்க வேண்டும். இடுக்கி விவசாயிகளின் கோரிக்கையோடு தமிழ்நாட்டு நுகர்வோர் அமைப்புகளும் சேர்ந்து இதைக் கேட்கலாம். மிளகை வாங்குபவர்கள் மலைக்கு இந்தப் பக்கமும் இருக்கிறார்கள்.