தேய்ப்பதா, மாற்றுவதா?

என்னிடம் ஒரு பழைய மோட்டார் கார் இருக்கிறது. 'பழைய' என்ற சொல்லைச் சற்று அழுத்தி வாசிக்கும்படி கேட்டுக் கொள்கிறேன். நான் வாங்கும்போதே அது இன்னொருவர் ஆண்டு அனுபவித்த அம்பாஸடர். அந்த வகைக் கார் செய்வதையே 2014-ஆம் ஆண்டில் நிறுத்தி விட்டார்கள். என்னுடையது மட்டும் நிற்காமல் ஓடிக் கொண்டிருக்கிறது. நிறுத்துவதற்குத்தான் கொஞ்சம் பிரயாசைப்பட வேண்டும். அதன் இஞ்சினைப் பற்றியோ, தானாகத் திறந்து கொள்ளும் பின் கதவைப் பற்றியோ இங்கே நான் புலம்பப் போவதில்லை. முன்புறக் கண்ணாடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

"என்னங்க, கண்ணாடி புகை பிடித்த மாதிரி இருக்கிறதே, துடைக்கக் கூடாதா?" என்று என் மனைவி இரண்டு வருஷமாகவே கேட்டுக் கொண்டிருந்தாள்.

"துடைத்துத்தான் இருக்கிறது" என்பது என் வழக்கமான பதில்.

உண்மையில் அந்தத் துடைப்புத்தான் வினை. சாலைப் புழுதியில் பொடிப் பொடியாகக் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. அது கண்ணாடியைவிடக் கடினமானது. வைப்பரின் ரப்பர் வெயிலில் காய்ந்து இறுகிப் போன பிறகு, அந்த மணலைக் கண்ணாடியின் மேல் அழுத்தி இழுத்துக் கொண்டு போகிற வேலையைத்தான் அது செய்கிறது. ஐப்பசிக்கு ஐப்பசி, அரை வட்டம் அரை வட்டமாகக் கோடுகள் ஏறிக் கொண்டே போகின்றன. சில நூறு ரூபாய் ரப்பரைக் காலத்தில் மாற்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் நேர்ந்திராது.

மதுராந்தகத்துக்கு இந்தப் பக்கம் ஒருநாள் இரவு வந்து கொண்டிருந்தோம். எதிரே ஒரு லாரி வளைவில் திரும்பியது. அதன் விளக்கு என் கண்ணாடியில் விழுந்ததுதான் தாமதம், கண்ணாடி முழுவதும் வெள்ளைச் சிலந்தி வலை ஒன்று விரிந்தது. சாலை மறைந்தது, மரங்கள் மறைந்தன, எல்லாம் ஒரே பால் வெள்ளை. இரண்டு விநாடி இருக்கும். வலை கலைந்தபோது, என் இடது விளக்குக்கு ஒரு முழத்துக்குள், புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிள் ஒன்று போய்க் கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்து, வண்டியை ஒடித்து, எப்படியோ தப்பித்தேன். தப்பித்தேன் என்று சொல்கிறேனே, தப்பித்தவன் அவன்.

அவன் சைக்கிளில் விளக்கு இல்லை என்பது வாஸ்தவம். அதை நானே எனக்குப் பல தடவை சொல்லிக் கொண்டேன். ஆனால் அவன் காலை ஊன்றித் திரும்பி நின்று, "ஏன்யா, கண்ணு தெரியலையா?" என்று கேட்டான். சாலையில் தினம் நூறு பேர் நூறு பேரைப் பார்த்துக் கேட்கிற வசைதான். அன்றைக்கு அது எனக்கு வசையாகப் படவில்லை; பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வியாகவே பட்டது.

இரண்டு வருஷமாக இது எனக்கு ஏன் தெரியவில்லை? கண்ணாடி வழியாகப் பார்க்கிறவன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, அதனால்தான். இதற்கு ஒரு பெரிய ஊரே சாட்சி சொல்லியிருக்கிறது. 1954-ஆம் வருஷம் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில், முதலில் பெல்லிங்காம் என்ற ஊரிலும், ஏப்ரல் மத்தியில் சியாட்டில் நகரத்திலும், கார்களின் முன்கண்ணாடிகளில் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதாக ஜனங்கள் கண்டார்கள். ஒருவர் சொல்லப் பத்துப் பேர் ஓடிப் போய்த் தங்கள் கார்களைப் பார்த்தார்கள்; அவற்றிலும் குழிகள்! சுமார் 3,000 கார்களைப் பற்றிப் போலீஸுக்குப் புகார் போயிற்று. அந்த மார்ச் முதல் தேதிதான் பிகினித் தீவில் ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்திருந்தார்கள். அதன் சாம்பல் என்றார்கள் சிலர். பிரபஞ்சக் கதிர் என்றார்கள் சிலர். மணல் பூச்சியின் முட்டை என்றுகூட ஒரு கட்சி இருந்தது. நகர மேயர், மாநில கவர்னருக்கும் ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கும் உதவி கேட்டுத் தந்தி அடித்தார். கடைசியில் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் சொன்ன சங்கதி சாதாரணமானது. ஓடுகிற கார்மேல் பொடிக்கல்லும் மணலும் பட்டு உண்டாகும் பழைய குழிகள்தான் அவை. வருஷக் கணக்காக அங்கேயே இருந்தவை. அதுவரை எல்லோரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அந்த வாரத்தில்தான் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

சியாட்டில்காரர்களுக்குப் பத்திரிகை காட்டிக் கொடுத்தது; எனக்கு ஒரு லாரி காட்டிக் கொடுத்தது. மறுநாளே ஒரு பட்டறைக்குப் போனேன். புதுக் கண்ணாடி என்றால் இன்ன விலை, தேய்த்து மெருகு போட்டால் அதில் கால் பங்கு என்றார் பட்டறைக்காரர். பெயர் வேண்டாம், என் சபலத்துக்கு அவர் பொறுப்பல்ல. நான் மெருகைத் தேர்ந்தெடுத்தேன்.

கண்ணாடியைத் தேய்க்கும் பொடிக்குச் சீரியம் ஆக்ஸைடு என்று பெயர். மூக்குக் கண்ணாடி வில்லைகளுக்கும், வானத்தை ஆராயும் தொலைநோக்கிகளின் ஆடிகளுக்கும் மெருகு ஏற்றுவது இதே பொடிதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறதல்லவா, அதில் சீரியம் ஏராளம். ஒரு மணல் கண்ணாடியைக் கெடுக்கிறது. இன்னொரு மணலிலிருந்து எடுத்த பொடி அதைச் சீராக்குகிறது. தண்ணீர் விட்டுக் குழைத்து, கம்பளி வட்டில் தடவி, சூடேறாமல் நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். சூடேறினால் கண்ணாடி விரிசல் விடும். பொடி வெறுமே அராவுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து கண்ணாடியின் மேல்தோலை ரசாயன முறையில் இளக்கி, மெல்ல மெல்ல வாங்குகிறது. பொறுமையான வேலை. அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும் கண்ணாடி, கழுவித் துடைத்த வாழை இலை மாதிரி பளபளத்தது. மனைவி கூட ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் முதல் விளக்குக் கம்பம் நெளிந்தது.

நிஜமாகவே நெளிந்தது. கண்ணாடியின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கம்பம் நகர்கையில், குளத்துத் தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி இடுப்பை வளைத்து நிமிர்ந்தது. காரணம் யோசித்தால் எளிது. கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்ப முடியாது. சுற்றிலும் இருக்கிற நல்ல கண்ணாடியை அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்கு இறக்கத்தான் முடியும். மேலாகப் படிந்த மங்கலுக்கும் மயிர்க்கோடுகளுக்கும் இறக்க வேண்டியது மிகச் சொற்பம். அங்கே மெருகு நியாயமான வைத்தியம். ஆழமான கீறலை அப்படிப் போக்கினால் அந்த இடம் ஒரு சிறு கிண்ணமாகி விடுகிறது. கிண்ணத்தின் வழியே உலகம் கோணலாகத் தெரிகிறது. கீறலாவது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக் கொண்டிருந்தது. இப்போது குற்றம் பரவி, வழவழப்பாகி, கண்ணுக்குத் தெரியாமல் போய் விட்டது. பார்க்கப்படுகிற பொருள்தான் கோணல் என்று தோன்ற ஆரம்பித்தது.

இங்கே எனக்கு என் சித்தப்பா மகனுடைய ஞாபகம் வந்தது. கார் விஷயத்தில் உறவினர் எதற்கு என்று கேட்கலாம். ஒரு பணச் சங்கதியில் அவனோடு எனக்கு மனஸ்தாபம். பல வருஷம் அது உறுத்திக் கொண்டே இருந்தது. பிறகு நான் பெருந்தன்மையோடு அதைத் தேய்க்கத் தொடங்கினேன். 'பாவம், அவன் வளர்ந்த சூழ்நிலை அப்படி. அவனிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது' என்று சமாதானம் சொல்லிச் சொல்லி உறுத்தலே இல்லாமல் செய்து விட்டேன். மன்னித்து விட்டேன் என்றுகூட நினைத்துக் கொண்டேன். ஆனால் அன்று முதல் அவன் எதைச் செய்தாலும் எனக்குச் சின்ன மனிதனாகவே தெரிகிறான். கோபம் இருந்த காலத்தில் அவன் முழு ஆளாகத்தான் தெரிந்தான்.

போகட்டும். புதுப்பேட்டையில் கண்ணாடி பொருத்தும் ஒரு பாயிடம் காரைக் கொண்டு போனேன். அவர் வெளியே நின்று பார்த்தார், உள்ளே உட்கார்ந்து பார்த்தார், பிறகு விரல் நகத்தால் கண்ணாடியை வருடினார்.

"தேய்ச்சவர் கை நல்ல கை சார். தேய்க்கக் கூடாத இடத்துல தேய்ச்சுட்டார். நகம் வழுக்கிட்டுப் போனா தேய்க்கலாம், நகம் மாட்டிச்சுன்னா மாத்திடணும். இதை உங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

"சொல்லவில்லை, பாய்."

"நீங்க கேட்டிருக்க மாட்டீங்க" என்றார்.

கேட்டிருக்க மாட்டேன்தான். மாற்றுவது என்பது எனக்கு எப்போதுமே ஒரு துரோகம் மாதிரிப் படும். என் தகப்பனார் ஒரே குடையை முப்பது வருஷம் வைத்திருந்தார். மூன்று தடவை துணி மாற்றினார், கம்பி மாற்றினார், பிடியை மட்டும் மாற்றவில்லை. ஒரு கோடு விழுந்ததும் தூக்கி எறிகிற இன்றைய சுபாவத்தைக் காட்டிலும் அது உயர்ந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் குடை ஒழுகினால் நனைகிறவர் அவர். என் கண்ணாடி மங்கினால் சாகிறவன் புல்லுக்கட்டுக்காரன். என் சொந்தச் சௌகரியத்துக்கான பொருளில் குறையைப் பொறுத்துக் கொண்டால் அது சிக்கனம், பொறுமை, என்ன நல்ல பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு டன்னுக்கு மேல் கனமுள்ள இரும்பை இன்னொருவனுடைய உடம்பருகே ஓட்டிச் செல்லும்போது, அதே பொறுமையை அவன் கணக்கில் பற்று எழுதுகிறேன். அவனை யாரும் சம்மதம் கேட்கவில்லை. மேலும், 'இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது' என்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதி யார்? அந்த மங்கலுக்கே பழகிப் போன என் கண்.

சட்டம் ஒன்று இருக்கிறது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முன்கண்ணாடி வழியாக நூற்றுக்கு 70 பங்கு வெளிச்சமாவது வர வேண்டும். என் பழைய கண்ணாடி அந்தப் பரீட்சையில் தேறியிருக்கும் என்றே நினைக்கிறேன். வெளிச்சம் வரத்தான் வந்தது. வந்த வெளிச்சம் நேராக வரவில்லை. கீறல்கள் அதைச் சிதறடித்துத் திரையாக்கின. எவ்வளவு என்று கேட்கிற விதி, எப்படி என்று கேட்பதில்லை.

பாய் பழைய கண்ணாடியை எடுத்தார். புதியதைப் பொருத்தும் வேடிக்கையைப் பார்க்க வேண்டும். ரப்பர்ப் பட்டையின் பள்ளத்தில் ஒரு நூல் கயிற்றைச் சுற்றிலும் புதைத்து, கண்ணாடியைச் சட்டத்தில் வைத்து வெளியிலிருந்து பையன் அழுத்த, பாய் உள்ளே உட்கார்ந்து கயிற்றை உருவினார். உருவ உருவ ரப்பரின் உதடு தகட்டின்மேல் ஏறி அமர்ந்தது. இப்போதைய கார்களில் இந்த வித்தை கிடையாது. பசை போட்டு ஒட்டி விடுகிறார்கள். கூரையின் பலத்துக்கே அந்தக் கண்ணாடியும் ஓரளவு துணை என்பதால் அரைகுறையாக ஒட்டினால் ஆபத்து. ஆகவே மாற்றி விட்டால் தீர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. "ரப்பரையும் சேர்த்து மாத்துங்க சார்" என்று வைப்பரைக் காட்டினார் பாய். மாற்றினேன்.

அன்று இரவே வேண்டுமென்று காரை எடுத்துக் கொண்டு கிளம்பினேன். கம்பங்கள் நேராக நின்றன. சாலை கறுப்பாக, எழுதுவதற்குத் துடைத்து வைத்த பலகை மாதிரி இருந்தது. எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் விளக்கைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் எழும்பிப் பரவியது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். புதுக் கண்ணாடியைத் துடைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். அடுத்த லாரிக்கும் அதே வட்டம்.

கண் வைத்தியர் சோதித்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை தொடங்கியிருக்கிறது, இடது கண்ணில் அதிகம் என்றார். கண்ணின் வில்லையிலுள்ள புரதம் திரண்டு, வருகிற வெளிச்சத்தைச் சிதறடிக்கிறதாம். கீறல் விழுந்த கண்ணாடி செய்கிற அதே காரியம். "மருந்து விட்டுத் தெளிய வைக்க முடியாதா?" என்று கேட்டேன். முடியாது, வில்லையை மாற்றத்தான் வேண்டும் என்றார். "ராத்திரியில் கார் ஓட்டுகிறீர்களா?" என்றும் கேட்டார். "எப்போதாவது" என்றேன்.

அந்த மாற்று வில்லையின் கதையும் ஒரு கண்ணாடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானிகளின் கண்ணில், உடைந்த விமான மூடியின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் புகுந்து தங்கி விட்டன. அந்தச் சில்லுகளைக் கண் எதிர்க்காமல் பொறுத்துக் கொண்டதை ஹெரால்ட் ரிட்லி என்ற லண்டன் வைத்தியர் கவனித்தார். 1949 நவம்பர் 29-ஆம் தேதி, செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில், அதே வகைப் பொருளில் செய்த வில்லையை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சக வைத்தியர்கள் பல ஆண்டுகள் அவரை ஏற்கவில்லை. அதுவரை புரையோடிய வில்லையை எடுத்து விட்டு, சோடாபுட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவதே வழக்கம். 1992-இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், அந்த வில்லைகளைக் குறைந்த விலையில் செய்து ஏழைகளுக்கும் எட்டும்படி ஆக்கியது. வைத்தியர் என் உள்ளங்கையில் ஒன்றை வைத்துக் காட்டினார். ஒரு பயறு அளவுதான்.

இடது கண்ணுக்குத் தேதி குறித்தாகி விட்டது. வீட்டுக்கு வந்து, கார் சாவியை அதன் ஆணியில் மாட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தபோது ஆணியில் சாவி இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை, மனைவியும் சொல்லவில்லை.