வேண்டாம் என்று சொல்லும் உரிமை

வியாபாரி ஒருவன் நமது வாசலில் வந்து பொருளை விரிக்கிறான். நமக்கு அது தேவையில்லை, "வேண்டாம்" என்கிறோம். அவன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் அதை யாரும் வியாபாரம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் வியாபாரியின் இடத்தில் ஒரு பேரரசையும் வீட்டின் இடத்தில் ஒரு நாட்டையும் வைத்ததும் நமது தீர்ப்புத் தடுமாறிவிடுகிறது. 'சீனச் சக்கரவர்த்திகள் அகந்தை பிடித்தவர்கள். உலகம் அறியாமல் இருந்தார்கள். அதனால் வீழ்ந்தார்கள்' என்ற கதையே பரவலாகச் சொல்லப்பட்டு வருகிறது.

1793 செப்டெம்பரில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் தூதுவராக மக்கார்ட்னி பிரபு ஜெஹோலில் சியென்லுங் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். முன்னர் சென்னையின் ஆளுநராக இருந்தவர் இவர். கோள்களின் இயக்கத்தைக் காட்டும் பொறி, தொலைநோக்கிகள், கடிகாரங்கள், பீரங்கிகள், குதிரை வண்டிகள் என்பன அவர் கொண்டுசென்ற அன்பளிப்புகள். மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை நெற்றி நிலம்பட வணங்குவது அந்த அவையின் வழக்கம். மக்கார்ட்னி அதற்கு உடன்படாமல் ஒரு காலை மட்டும் மடித்தார். பீக்கிங்கில் நிரந்தரத் தூதுவர், கன்டனுக்கு அப்பாலும் துறைமுகங்கள், வியாபாரிகள் தங்க ஒரு சிறு தீவு எனக் கேட்டவை எல்லாம் மறுக்கப்பட்டன. தம்மிடம் யாவும் உண்டு, உங்கள் உற்பத்திகள் தேவையில்லை என்ற பொருள்படச் சக்கரவர்த்தி அனுப்பிய மறுமொழியே அவரது அகந்தைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

ஆனால் இதே சியென்லுங் ஐரோப்பியக் கடிகாரங்களை விரும்பிச் சேர்த்தவர். இத்தாலிய ஓவியர் காஸ்திலியோனே அவரது அவையில் இருந்தவர். அவரது பாட்டனார் காங்சி, யேசுசபைத் துறவிகளிடம் கணிதம் கற்றவர். எனவே அவர்கள் வெறுத்தது அந்நியரின் அறிவை அல்ல. தமது மண்ணில் அந்நியர் இடம் கேட்டதையே மறுத்தார்கள். வியாபாரத்துக்கென வந்த கம்பனி வங்காளத்தில் ஆட்சியாளராகிவிட்ட காலம் அது என்பதையும் நாம் மறக்கலாகாது.

பிரித்தானியரின் தவிப்புக்குக் காரணம் தேயிலை. அசாமிலும் நமது மலைநாட்டிலும் அது விளையத் தொடங்கும்வரை அவர்கள் பெரிதும் சீனத்தையே நம்பியிருந்தனர். அதற்கு வெள்ளியாக விலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைச் சரிக்கட்ட வங்காளத்து அபின் உதவியது. அபின் விற்பனை சீனத்தில் 1729இலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. 1839இல் ஆணையாளர் லின் செசூ இருபதாயிரத்துக்கும் அதிகமான அபின் பெட்டிகளைக் கைப்பற்றி, சுண்ணாம்பும் உப்பும் கலந்த நீரில் கரைத்து அழித்தார். விக்டோரியா மகாராணிக்கும் கடிதம் எழுதினார். உங்கள் நாட்டில் தடுத்துள்ளதை எங்கள் மக்களுக்கு விற்பது முறையா என்பதே அதன் சாரம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிரித்தானியாவில் அபின் அப்போது தடைசெய்யப்படவில்லை. மருந்துக் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. அப்படியானால் லின்னின் வாதம் விழுந்துவிடுமா? விழாது என்பதே எனது எண்ணம். என் வீட்டில் நான் எதை உண்கிறேன் என்பது என்னைப் பொறுத்தது. அயல்வீட்டார் தடுத்ததை அவர்கள் வீட்டுக்குள் கடத்துவது வேறு விடயம். 1840இல் பிரித்தானியப் பாராளுமன்றத்திலேயே யுத்தத்துக்கு எதிரான கண்டனப் பிரேரணை ஒன்பது வாக்குகளால்தான் தோற்றது. 1842இல் ஹொங்கொங், ஐந்து துறைமுகங்கள், இரண்டு கோடியே பத்து இலட்சம் வெள்ளி டொலர் என்று சீனம் விலை கொடுத்தது.

"ஸேர், மரியாதையாகப் பதில் எழுதியிருந்தால் யுத்தம் வந்திருக்காதா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பணிவான பதிலால் தேயிலையின் விலை குறைந்திருக்குமா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இதனால் சக்கரவர்த்திகள் நீதிமான்கள் ஆகிவிடமாட்டார்கள். அவர்கள் சொன்ன 'வேண்டாம்' குடிமக்களைக் கேட்டுச் சொன்னதல்ல. அபினை உள்நாட்டுக்குக் கொண்டுசென்றவர்களும் இலஞ்சம் வாங்கிக் கண்ணை மூடிய அதிகாரிகளும் சீனர்களே. வந்தோரை எல்லாம் திறை செலுத்த வந்தோராகவே பார்த்ததால், வந்தவரின் பலத்தை அவர்கள் எடைபோடவில்லை. மறுப்பது உரிமை, மறுக்கும் பொருளை அறியாதிருப்பது குறை. ஆயினும் அந்தக் குறைக்குப் பீரங்கி தண்டனையாகாது.

1860இல் பீக்கிங்குக்கு அருகிலிருந்த யுவான்மிங்யுவான் மாளிகைகளைச் சூறையாடிய படையினர், மக்கார்ட்னி கொண்டுவந்த வண்டிகளும் பீரங்கிகளும் பயன்படுத்தப்படாமலே கிடப்பதைக் கண்டனர். பின்னர் பிரித்தானியர் அம்மாளிகைகளைத் தீயிட்டனர். அறுபத்தேழு ஆண்டுகள் அந்தப் பீரங்கிகளை ஆராயாமல் விட்டது சீனத்தின் தவறு. வாங்க மறுத்தவரின் வீட்டை எரித்தது யாருடைய தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.