மீட்டுக் கொடுத்தவன்

கபடியில் யார் பெரிய ரெய்டர்? ராசிபுரம் பக்கம் பொங்கல் மேட்ச் முடிந்தால் டீக்கடையில் இந்தப் பஞ்சாயத்துதான். ‘பர்தீப் நர்வாலை மிஞ்ச ஆளேதுங்க?’ என்பார் ஒருவர். நியாயம்தான். 2017 ப்ரோ கபடியில் மட்டும் 369 ரெய்டு புள்ளிகள். ‘2016 உலகக் கோப்பை ஃபைனல்ல பின்தங்கிக் கிடந்த ஆட்டத்தைத் திருப்புனது அஜய் தாக்கூருங்க’ என்பார் இன்னொருவர். அதுவும் சரி.

ஆனால், ஒன்றை மறந்துவிடுகிறோம். அவுட்டான ரெய்டர் தானாக உள்ளே வர முடியாது. கூட ஆடுகிறவர்கள் எதிராளி ஒருவரையாவது அவுட்டாக்கினால்தான் எழுந்து வரலாம். முட்டி தேய, எதிராளி காலைப் பிடித்து அவரை மீட்டுக் கொடுத்தவனின் உழைப்பு அந்த 369-க்குள் எங்கே இருக்கிறது?

நம்ம வெற்றிக் கணக்கையும் ஒருதரம் புரட்டிப் பார்க்கலாம். நாம் அவுட்டாகி உட்கார்ந்திருந்தபோது, உள்ளே போராடிக்கொண்டிருந்தது யார்?