மூடுபனியில் ஒரு வலம்

எடின்பரோவுக்குப் போகிறவர் காலையில் ஓடும் வழக்கமுள்ளவராக இருந்தால், அதற்கென்று இடம் தேடி அலைய வேண்டிய சிரமம் அவருக்கு இல்லை. பழைய நகரத்தின் ராஜவீதி இறங்கி முடியும் இடத்தில், ஹோலிரூட் அரண்மனையின் மதிலைத் தாண்டியதுமே, சுமார் 34 கோடி வருஷங்களுக்கு முன் கொதித்து அடங்கிய ஓர் எரிமலையின் மிச்சம் 251 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. ஆர்தர் ஸீட் என்று பெயர் வழங்கும் அந்த மலையைச் சுற்றி, விக்டோரியா ராணி காலத்தில் போடப்பட்ட குவீன்ஸ் டிரைவ் என்னும் சாலை, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தூரம், ஏரிகளையும் புற்சரிவுகளையும் செங்குத்துப் பாறைகளையும் தொட்டுக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது.

வேறு வழிகளும் உண்டு. லீத் ஆற்றின் கரையோடு மேற்கே பலர்னோ கிராமத்திலிருந்து துறைமுகம் வரை சுமார் இருபது கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை போகிறது; மேடு பள்ளம் வேண்டாதவர்களுக்கு 1822-இல் வெட்டி முடித்த யூனியன் கால்வாயின் கரை இருக்கிறது; ஒரு காலத்தில் ஏரியாயிருந்து வற்றவைக்கப்பட்ட மெடோஸ் என்னும் மைதானத்தில், மரங்களின் நிழலில், எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓடலாம். அவையெல்லாம் அழகான இடங்கள். அழகைத் தவிர அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மலையைச் சுற்றும் சாலை அப்படியல்ல. அது என்னை ஒரு சங்கடமான கேள்வியில் மாட்டிவிட்டது.

கேள்விக்குப் போகுமுன் புதிதாக வருகிறவருக்குச் சில வார்த்தைகள். ஜூன் மாதத்தில் காலை நாலரை மணிக்கே சூரியன் எழுந்து இரவு பத்து மணிவரை வெளிச்சம் தங்குவதால் ஓடாமலிருக்கச் சாக்குச் சொல்ல இயலாது. டிசம்பரிலோ மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ராஜவீதியில் பாவியிருக்கும் கருங்கற்கள் மழை பட்டால் வழுக்கும், ஆகையால் அரண்மனை வாசல் வரையில் நடந்தே போவது உத்தமம். சாலிஸ்பரி பாறைகளின் அடியோரமாகச் செல்லும் ராடிகல் ரோடு என்ற பாதை, 1820-ஆம் வருஷத்துக் கிளர்ச்சிக்குப் பின் வேலையிழந்து நின்ற நெசவாளிகளைக் கொண்டு போடப்பட்டது. 2018-இல் பாறை சரிந்து விழுந்ததனால் அதை வேலியிட்டு அடைத்தார்கள். எட்டி வைத்தால் தாண்டிவிடக்கூடிய வேலிதான், தாண்டலாகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலையைச் சூழ்ந்த பூங்காவின் பெரும்பாலான சாலைகளை மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். ஓய்வுநாளைக் கண்டிப்பாக அனுஷ்டித்துவந்த அந்தத் தேசத்தில், இன்று அந்த நாளை மதித்து ஒதுங்கி நிற்பவை கார்கள் மட்டுமே என்று சொல்லலாம்.

நான் அங்கே முதல் நாள் புறப்பட்டபோது, யோசனை எதுவும் இல்லாமல், மலை வலக்கைப் பக்கம் இருக்கும்படியாகத் திரும்பி ஓடத் தொடங்கினேன். கால் மைலுக்குப் பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே தெரிந்தது: செயின்ட் மார்கரெட் ஏரியை நோக்கி, கோயில் பிராகாரத்தில் திரும்புகிற பழக்கத்தில், நான் அந்த மலையைப் பிரதட்சிணம் செய்துகொண்டிருந்தேன். எதைப் பிரதட்சிணம் செய்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. உச்சியில் தெய்வம் கிடையாது. ஏரிக்கு மேலே பாறைமீது நிற்கும் செயின்ட் அந்தோணி தேவாலயம் கூரையின்றிச் சுவர்த்துண்டமாகிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. தவிர, திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவன் நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல் நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானோ கைக்கடிகாரத்தை அழுத்திவிட்டு, மூச்சு வாங்க, ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் என்று கணக்குப் பண்ணிக்கொண்டு ஓடினேன். நடுவில் மூர்த்தி இல்லாமல், நடையில் நிதானம் இல்லாமல், சங்கல்பமும் இல்லாமல் ஒருவன் சுற்றிவந்தால் அது வலம் வருதலா, அல்லது செக்குமாட்டின் சுற்றா? இரண்டையும் பிரிப்பது எது?

ஓட்டமும் தெய்வமும் சேர்ந்த கேள்வியை அந்த ஊரில் கேட்டால், ஊரார் எரிக் லிடலின் பெயரைச் சொல்வார்கள். 1902-இல் சீனத்துத் தியன்ட்சின் நகரில் பாதிரிமார் குடும்பத்தில் பிறந்து, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்து, ஸ்காட்லாந்துக்காக ரக்பியும் ஆடிய அவர், 1924-ஆம் வருஷத்துப் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமையன்று நடப்பதாக இருந்ததால் அதில் ஓட மாட்டேன் என்று விலகினார். அவருடைய கதையைச் சினிமாவாக எடுத்தவர்கள், கப்பலேறும் தறுவாயில்தான் அவருக்குச் செய்தி தெரிந்ததாகக் காட்டிவிட்டார்கள். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்து, அமைதியாக முடிவுசெய்து, 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டார். ஓடும்போது ஆண்டவனின் ஆனந்தத்தை உணர்வதாக அந்தப் படத்தில் அவர் பேசும் பிரசித்தமான வசனமும் திரைக்கதாசிரியர் எழுதியதே. முதற்சுற்று நடந்த ஞாயிறன்று லிடல் பாரிஸிலிருந்த ஸ்காட்டிஷ் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார். அந்த வாரத்திலேயே, வெள்ளிக்கிழமையன்று, 400 மீட்டரை 47.6 வினாடியில் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கினார். வாங்கிய மறுவருஷம் ஓட்டத்தை விட்டுவிட்டுச் சீனத்துக்கு ஊழியம் செய்யப் போய்விட்டார்.

இந்த அளவில் நின்றால் இது விரதம் காத்தவனின் கதை; பள்ளிப் புத்தகத்துக்குப் போதும். என் மனத்தைப் பிடித்தது அதன் பிற்பகுதி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜப்பானியர் அவரை ஷான்டுங் மாகாணத்தில் வெய்ஷியன் என்ற இடத்துக் காவல் முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்து நின்ற மாணவர்கள் பலரும் அங்கே இருந்தனர். அவர்களுக்கு லிடல் பாடம் சொல்லிக் கொடுத்தார். உடைந்துபோன ஹாக்கி மட்டைகளை ஒட்டிச் சுற்றிச் செப்பனிட்டு விளையாட்டு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடத்த மாட்டார். பிள்ளைகள் அந்த நாளில் தாங்களாகவே ஆடக் கிளம்பி, நடுவர் இல்லாமையால் ஆட்டம் அடிதடியில் முடிந்தபோது, அடுத்து வந்த ஞாயிறன்று ஊதலை எடுத்துக்கொண்டு லிடல் மைதானத்துக்கு வந்து நின்றார் என்று அந்த முகாமில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தபோது தமக்காக மீறாத நியமத்தை, யாரும் பார்க்காத ஒரு மண்தரையில், சண்டையிடும் பிள்ளைகளுக்காக அவர் தளர்த்தினார். 1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில மாதங்கள் இருக்கையில், மூளையில் கட்டி வளர்ந்து, தமது நாற்பத்து மூன்றாவது வயதில், அந்த முகாமிலேயே இறந்துபோனார்.

பாரிஸில் காத்தது பக்தியென்றால் வெய்ஷியனில் தளர்த்தியது பக்திக் குறைவு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எனக்கென்னவோ பிந்தியதே கடினமான அனுஷ்டானமாகப் படுகிறது. பதக்கத்தை விடுவதில் தன் உறுதி தனக்குத் தெரியும். பெருமையும் அதில் ஒளிந்துகொள்ள இடமுண்டு. உறுதியையே விடுகிறவனுக்கு அந்த நிழலும் இல்லை.

லிடலுக்கு நேர் எதிரே நிற்பவர் டேவிட் ஹியூம். 1711-இல் அதே ஊரில் பிறந்து 1776-இல் அதே ஊரில் இறந்த அந்தத் தத்துவஞானிக்கு, நாஸ்திகர் என்ற சந்தேகத்தின் பேரில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவி மறுக்கப்பட்டது. கால்டன் குன்றின் சரிவில் ராபர்ட் ஆடம் வடிவமைத்த உருண்டைக் கோபுரம் ஒன்றில் அவருடைய சமாதி இருக்கிறது. பெயரையும் பிறந்த இறந்த வருஷங்களையும் மட்டும் பொறித்தால் போதும், மீதியை வருங்காலம் பார்த்துக்கொள்ளட்டும் என்று உயிலில் எழுதிவைத்தார். சற்று மேலே, குன்றைச் சுற்றிப் போகும் நடைபாதைக்கும் அவர் பெயர்தான். ஆனால் மனிதர் பெருத்த சரீரி, ஓடியதாகக் கேள்வியில்லை. கோட்டைக்கு அடியில் வற்றிக்கொண்டிருந்த ஏரிச்சேற்றில் ஒருநாள் அவர் வழுக்கி விழுந்து மாட்டிக்கொண்டதாகவும், அவ்வழியே வந்த மீன்காரக் கிழவி இவர்தான் அந்த நாஸ்திகர் என்று கண்டுகொண்டு, கர்த்தர் ஜெபத்தைச் சொன்னாலன்றிக் கைகொடுக்க மாட்டேன் என்று நின்றதாகவும், அவரும் மளமளவென்று ஒப்பித்துக் கரையேறியதாகவும் ஒரு கதை உண்டு. பிரமாணங்களைப் பற்றி அவ்வளவு எழுதியவருக்குக் கிடைத்த பிரதிவாதிகளில் அந்தக் கிழவியே கெட்டிக்காரி.

நான் என்று ஒன்றைத் தேடி உள்ளே பார்க்கிறபோதெல்லாம் சூடோ குளிரோ, விருப்போ வெறுப்போ, ஏதாவது ஓர் உணர்ச்சிதான் கையில் அகப்படுகிறதே தவிர, அவற்றை உடைய ஒருவன் அகப்படுவதில்லை என்பது ஹியூம் தம் இருபதுகளில் எழுதிய முதல் நூலின் கட்சி. பௌத்தர்களின் ஸ்கந்தக் கொள்கையைப் படித்தவர்களுக்கு இது பழகிய பாதையாகத் தோன்றும். மறுமையில் நம்பிக்கையின்றிச் சாகக் கிடந்த அவரை 1776 ஜூலையில் பார்க்கப் போன எழுத்தாளர் பாஸ்வெல், பயத்தின் சாயல் சற்றேனும் முகத்தில் தெரியுமா என்று தேடிப் பார்த்து, காணாமல், தாம் கலங்கித் திரும்பினார். ஆக, சுற்றப்படுவதற்கு நடுவில் தெய்வம் உண்டென்று லிடல் ஓடினார்; தெய்வம் கிடக்கட்டும், சுற்றுகிற ஆசாமியே உண்டா என்று ஹியூம் கேட்டார். இருவரும் மனம் தெளிந்தே இறந்தார்கள். வழக்கு எந்தப் பக்கமும் தீர்ந்தபாடில்லை.

வட கடலிலிருந்து அந்த ஊருக்கு, வசந்தத்திலும் கோடையிலும், முன்னறிவிப்பின்றி ஒரு மூடுபனி ஏறி வரும். ஹார் என்று அதைச் சொல்கிறார்கள். நான் ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிறன்று விடியற்காலையில் அது வந்திருந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்த என் மருமகன், “மாமா, இன்னிக்கு மலையே தெரியாது. வெயில் வந்தப்புறம் போங்களேன்” என்றார். “தெரியாட்டா என்ன மாப்பிள்ளை, அங்கேயேதானே இருக்கும்” என்று சொல்லிவிட்டுச் வாசற்கூடத்தில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டினேன்.

அரண்மனை வாசலில் மதில் மட்டும் தெரிந்தது. ஏரியில் அன்னங்கள் இருந்த இடத்தில் வெறும் சத்தம். செயின்ட் அந்தோணி தேவாலயத்தின் சுவர் இல்லை; மலையும் இல்லை. டன்ஸாப்பி ஏரியை நோக்கிய ஏற்றத்தில் பாதையின் ஓரத்துப் புல் இரண்டு முழத்துக்கு அப்பால் வெள்ளையில் கரைந்தது. தெளிந்த நாட்களில் அந்த மேட்டிலிருந்து கிழக்கே கடலும், கடலுக்குள் பாஸ் பாறையும் தெரியும். அன்று கையை நீட்டினால் விரல்நுனி ஈரமானது, அவ்வளவே. புருவத்தில் நீர் கோத்துச் சொட்டியது. ஹியூமின் பரீட்சையைச் செய்துபார்க்க இதைவிட நல்ல அறை கிடைக்காது என்று, ஓடுகிறவனைத் தேடினேன்: தொண்டையில் குளிர் இருந்தது, இடது முழங்காலில் பழைய வலி இருந்தது, தார்மேல் ரப்பர் அடிக்கும் சத்தம் இருந்தது, ஏற்றம் எப்போது முடியும் என்ற ஆசை இருந்தது, சொந்தக்காரன் அகப்படவில்லை. ஹியூம் சரியாகத்தான் பார்த்திருக்கிறார் என்று எண்ணினேன்.

ஏற்றம் முடிந்து சாலை வளைந்தது. கீழே, டடிங்ஸ்டன் ஏரிப் பக்கத்திலிருந்து, ஒரு தேவாலய மணி கேட்கத் தொடங்கியது. அந்த ஏரி உறைந்திருந்தபோது கறுப்பு அங்கியில், கைகளைக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் சறுக்கிப் போகிற ஒரு பாதிரியாரின் ஓவியம் தேசியச் சித்திரசாலையில் இருக்கிறது. பூசைக்கு நேரமாகிவிட்ட மாதிரியும் தெரியாது, ஆகாத மாதிரியும் தெரியாது, அப்படி ஒரு முகம். அவரை நினைத்துக்கொண்டே இறங்கினேன். எதிரில் காலடிச் சத்தம் வந்தது. ஓர் உருவம் கறுத்து, பெண்ணாகி, கையைச் சற்று உயர்த்தி, மறுபடி சத்தமாகிப் பின்னால் போயிற்று. அவள் மலையை இடமாகச் சுற்றுகிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. மலை என்று ஒன்று எனக்கு அதுவரை கண்ணில் படவேயில்லை. ஆனாலும் எது வலம், எது இடம் என்பதில் எனக்கு ஒரு கணமும் தடுமாற்றம் வரவில்லை. சாலிஸ்பரி பாறைகளுக்குக் கீழே வந்தபோது கடிகாரம் மணிக்கட்டில் ஏதோ சொல்லி அதிர்ந்தது. அதைப் பார்க்கவில்லை. கடைசி அரை மைலை நடந்தே வந்தேன். முழங்கால் வலிதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் காப்பி கலந்துகொண்டிருந்த மருமகன் திரும்பிப் பார்த்து, “மலை தெரிஞ்சுதா மாமா?” என்றார்.

“வலது பக்கம் இருந்தது” என்றேன்.