திரும்பி வரும் கைக்கு எந்த ஊசி?

எப்போதோ கைவிட்ட பின்னல் வேலையை மறுபடி தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். பரணில் கிடக்கும் பழைய ஊசிகளை இறக்கி, பாதியில் நின்ற ஸ்வெட்டரை விட்ட இடத்திலிருந்து தொடர்வது ஒரு வழி. முதல்முறை கற்பவருக்கென்று விற்கும் தடித்த ஊசியையும் தடித்த அக்ரிலிக் நூலையும் வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்பது இன்னொரு வழி. முன்னதில், கல்லூரி நாளில் பின்னிய அதே ஆள் இன்னும் இருக்கிறார் என்ற நம்பிக்கை தெரிகிறது. பின்னதில், அவர் ஊசியைத் தொட்டதே இல்லை என்ற பாவனை. இன்றைய தேதியில் நாற்காலியில் வந்து உட்காரப்போகிற ஆளை இரண்டுமே கணக்கில் எடுக்கவில்லை. ஊசியும் நூலும் அந்த ஆளுக்குத்தான் பொருந்த வேண்டும் என்பது என் கட்சி.

அந்த ஆளிடம் என்ன மிச்சம் இருக்கிறது? நினைவு பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி பேசப்படும் ஒருவர் ஹென்றி மொலேசன். வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த 1953இல் அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் புதிதாக நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. அவருக்கு உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஒரு பயிற்சி தந்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, நட்சத்திர வடிவத்தின் இரு கோடுகளுக்கு இடையே பென்சிலை ஓட்ட வேண்டும். முந்தின நாள் அதைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. ஆனாலும் நாளுக்கு நாள் கை தேறியது. கை கற்றது மற்ற நினைவுகளோடு சேராமல் தனியே தங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு. ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி, இழுத்து, பழைய கண்ணியை நழுவவிடும் அந்த நான்கு அசைவுகளும் இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் பலருக்குச் சற்று நேரத்தில் திரும்பிவிடுவதில் வியப்பில்லை. திரும்பாதது, நூலை ஒரே இறுக்கத்தில் விடும் பக்குவம். அது பழக்கத்தில்தான் நிற்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. புதிதாகக் கற்பவருக்குத் தன் பின்னலில் எந்தக் கண்ணி தளர்ந்தது, எது இறுகியது என்று தெரியாது. ஒரு துண்டு உருவாவதே அவருக்குப் போதும். திரும்பி வருபவருக்கோ குறை காணும் கண் முதல் நாளே வந்துவிடுகிறது, குறையில்லாமல் பின்னும் கை சில வாரம் கழித்துத்தான் வருகிறது. பலர் ஊசியை இரண்டாம் முறையாகக் கீழே வைப்பது இந்த இடைவெளியில்தான் என்று நினைக்கிறேன். ஆகவே, அந்தச் சில வாரங்களைக் கடக்க எது உதவும் என்று கேட்டுத்தான் கருவிகளை எடைபோட வேண்டும்.

அப்படிக் கேட்டால் நூல் விஷயத்தில் ஆட்டுக் கம்பளிக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு எழுத முடிகிறது. கம்பளி இழையில் இயற்கையாகவே சிறுசிறு நெளிவுகள் உண்டு. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். சமமில்லாமல் பின்னிய துண்டை நனைத்து, தட்டையாக விரித்து உலரவிட்டால், தளர்ந்த கண்ணியும் இறுகிய கண்ணியும் ஓரளவு தமக்குள் சமரசம் செய்துகொள்ளும். பருத்திக்கு இந்தத் தாராளம் கிடையாது, அதில் ஒவ்வொரு தவறும் பின்னிய நிலையிலேயே நின்றுவிடும். அக்ரிலிக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். வெறும் தண்ணீருக்கு மசியாது, சூடு கூடினால் துவண்டுபோகும். நூல் பல இழைகள் சேர்ந்து நன்றாக முறுக்கேறியதாக இருக்கட்டும். திரும்பி வருபவர் பின்னுவதில் பாதியையாவது பிரிப்பார், பிரித்துப் பின்னினாலும் தாங்கும் நூல்தான் வேண்டும். பஞ்சு பறக்கும் மொஹேர் கடையில் கண்ணைப் பறிக்கும். பிரிக்க முயன்றால் அழுகை வரும். நிறம் வெளிர்நிறமாக, ஒரே நிறமாக இருப்பது நல்லது. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குக் கருநீலத்திலும் கருப்பிலும் கண்ணியைத் தேடுவது வீண் தண்டனை.

நூலின் கனத்தைக் கணக்குப் போட்டே தீர்மானிக்கலாம். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, 28 வரிசை வரும் நடுத்தர நூலில், 20 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 2,240 கண்ணிகள் பின்ன வேண்டும். 30 கண்ணி, 40 வரிசை வரும் மெல்லிய நூலில் அதே சதுரம் 4,800 கண்ணி கேட்கும். மெல்லிய நூலைத் தேர்பவர் தன் உழைப்பை இரட்டிப்புக்கும் மேலாக்கிக்கொள்கிறார், அதுவும் கை தடுமாறும் நாட்களில். அப்படியானால் மிகத் தடித்த நூல்தானே உத்தமம் என்று கேட்கலாம். இல்லை. 10, 12 மில்லிமீட்டர் ஊசியை விரல்களால் மட்டும் ஆட்ட முடியாது, மணிக்கட்டும் முழங்கையும் இறங்கி வேலை செய்ய வேண்டும். கை பத்திரமாக வைத்திருக்கும் விரல் அசைவுக்கு அங்கே வேலையே இல்லை. உள்ள மூலதனத்தைப் பூட்டிவைத்துவிட்டுக் கடன் வாங்குவது போன்றது அது.

ஊசி 4 அல்லது 4.5 மில்லிமீட்டர் இருந்தால் நடுத்தர நூலுக்குச் சரியாக இருக்கும். பழைய பெட்டியை இறக்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் நெடுங்காலம் புழங்கியவை பிரிட்டிஷ் எண்கள். அவற்றில் எண் ஏற ஏற ஊசி மெலியும். எட்டாம் எண் 4 மில்லிமீட்டர், பத்தாம் எண் 3.25. அமெரிக்க எண்ணில் இது தலைகீழ்: அங்கே எட்டு என்றால் 5, பத்து என்றால் 6 மில்லிமீட்டர். அமெரிக்கப் பாடத்தைப் பார்த்து வீட்டிலுள்ள பத்தாம் எண் ஊசியால் தொப்பி பின்னினால் பொம்மைக்குத்தான் ஆகும். பழைய அலுமினிய ஊசி வேகமானது. கண்ணி அதில் வழுக்கி ஓடும், தேர்ந்த கைக்கு அது வரம். தடுமாறும் கைக்கு மூங்கில் நல்லது, கண்ணியைச் சற்றுப் பிடித்துவைக்கும். நீண்ட நேர் ஊசியில் பின்னிய துணியின் எடை முழுக்க ஊசிகளில் தொங்கி மணிக்கட்டை இழுக்கும். இரண்டு குட்டை ஊசிகளை ஒரு வடம் இணைக்கும் வட்ட ஊசியில் அந்த எடை மடியில் இறங்கிவிடும். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எலிசபெத் ஸிம்மர்மன் வட்ட ஊசிக்காகவே ஓயாமல் வாதாடியவர். 1971இல் வந்த அவருடைய ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ நூலும் அந்த வாதத்தைப் பரப்பியது. மூட்டுவலி எட்டிப்பார்க்கும் வயதில் அவர் பேச்சுக்குக் காதுகொடுப்பது நல்லது. ஆனால் நூலை எந்தக் கையில் பிடித்துக் கற்றாரோ அதை மட்டும் மாற்றக்கூடாது. வலக்கையால் நூலைச் சுற்றிப் பழகியவரை, வேகம் கூடும் என்று சொல்லி இடக்கைக்கு மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தப்பிப்பது நல்லது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இதற்கெல்லாம் ஒரு பதில் உண்டு. ஊசியும் நூலும் எதுவாக இருந்தால் என்ன, கை சரியாக இருந்தால் போதாதா? பழமொழி பேசுவது ஆடத் தெரியாதவளைப் பற்றி. ஆடத் தெரிந்து, பல ஆண்டு ஆடாமல் இருந்தவளுக்குக் கூடத்தின் கோணல் நிஜமாகவே காலை இடறும். செலவு என்ற வாதம் இதைவிடக் கனமானது. நல்ல கம்பளி, அக்ரிலிக்கைவிடப் பல மடங்கு விலை. ஆர்வம் நிலைக்குமா என்று தெரியாத கட்டத்தில் ஸ்வெட்டருக்கு வேண்டிய நூலை மொத்தமாக வாங்குவது ஊதாரித்தனம்தான். ஆனால் தொடக்கத்துக்கு 100 கிராம் போதும், ஒரு தொப்பியோ கழுத்துத் துணியோ அதில் முடியும். மலிவு நூலில் தொடங்கி, கிடைத்த துணியைப் பார்த்து மனம் வெறுத்து, தனக்கு இனி இது வராது என்று முடிவுகட்டுவதற்கும் விலை உண்டு.

நம் ஊர் வெயிலைக் காட்டிச் சொல்லும் மறுப்புக்கு என்னால் முழுப் பதில் தர முடியவில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கம்பளிக்குத் தேவை இருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ சித்திரை மாதத்தில் வியர்த்த விரலில் கம்பளி ஒட்டும், மடியில் கிடக்கும் துணி கனலும். பருத்தியும் கம்பளியும் கலந்த நூல் கிடைத்தால் அதை எடுக்கலாம். பருத்திதான் வேண்டும் என்றால் மூங்கில் ஊசியோடு, சிறிய துண்டுகளாக, தவறு தெரிந்தாலும் கவலையில்லாத கைப்பிடித் துணி போன்றவற்றில் தொடங்கலாம். ஐப்பசி வரை காத்திருப்பதும் ஒரு வழிதான், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அந்தப் பாதி ஸ்வெட்டரைத் தொடரக்கூடாது என்பேன். ஒருவர் நூலை விடும் இறுக்கம் ஆண்டுகளோடு மாறும்; அதே ஊசி, அதே நூல் என்றாலும் பழைய பகுதியும் புதிய பகுதியும் சேரும் இடத்தில் அகலம் மாறி, குறுக்கே ஒரு கோடு விழும். பிரித்துவிடலாம். பிரித்த நூல் சுருள்சுருளாக நிற்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் ஊறவைத்து, கீழே சிறு எடை கட்டித் தொங்கவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். அதற்குமுன் அந்து அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரடிக்கு ஒருமுறை அறுந்தால் அந்த நூலால் பயனில்லை.