சத்திரத்துக்கு மூலவர் யார்?

கோயிலில் திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வது வழக்கம். மூலவரின் கலைகளை, அதாவது தெய்வ சக்தியை, இறக்கி, கும்பத்திலோ பலகையில் எழுதிய உருவத்திலோ எழுந்தருளச் செய்த பிறகுதான் கருவறையில் கொத்து வேலை தொடங்கும். வேலை நடக்கும் நாட்களில் உள்ளே இருப்பது கல். கும்பாபிஷேகத்தன்று கலைகள் திரும்பச் சேர்ந்த பின்பே அது தெய்வம். சடங்கில் நம்பிக்கை இல்லாதவரும் இதிலுள்ள தெளிவை ஒப்புக்கொள்வார்: பழுதுபார்ப்பது ஒரு வேலை, உயிரைத் திரும்ப வைப்பது இன்னொரு வேலை. முன்னது முடிந்ததால் பின்னதும் முடிந்துவிட்டது என்று எந்தச் சிவாச்சாரியாரும் சொல்லமாட்டார். பழைய சத்திரங்களையும் வழிப்போக்கர் மண்டபங்களையும் புதுப்பிக்கும் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியை அங்கேயும் கேட்க வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புக் காரை பூசி, உளுத்த உத்திரத்தை மாற்றி, மெட்ராஸ் டெரஸ் தளத்தைச் செப்பனிட்டு முடித்த பின் அந்தக் கட்டடத்துக்குத் திரும்பி வர வேண்டியது எது? சத்திரத்துக்கு மூலவர் யார்?

வழிப்போக்கர்தான் என்பது என் விடை. இதற்குத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியே சாட்சி. 1799 உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போன பின், சத்திரங்களையாவது தம் பொறுப்பில் விட்டுவைக்கும்படி 1801இல் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதினார். ராமேசுவர யாத்திரைப் பாதையில் இருந்த அந்தச் சத்திரங்களுக்காக அவர் வாதாடும்போது, வாதத்தின் பலம் அங்கே நடந்த காரியங்களில் இருக்கிறது. எல்லாச் சாதியாருக்கும் சோறு, சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசி, நோயில் விழுந்தவருக்கு வைத்தியம், வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைக்குப் படிப்பு, கர்ப்பிணிக்குப் பேறுகாலம் தாண்டும்வரை பராமரிப்பு. இவற்றோடு ஒரு சிறு விவரமும் வருகிறது: நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரேனும் உண்டா என்று அழைப்பார்களாம். சரபோஜி கட்டிய ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரத்தின் தூண்களும் முற்றங்களும் இன்று நம் கண்ணை நிறைக்கின்றன. அந்த மணியோசை போய்ச் சேர வேண்டிய ஆளுக்காகவே அவை எழுந்தன.

மணிமேகலைக் காப்பியம் இதை இன்னும் துணிவாகச் சொல்கிறது. புகாரில் மன்னனின் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. சிறைக்கென்று எழுப்பிய அதே இடம், உள்ளே நடக்கும் காரியம் மாறியதும் வேறொன்றாகிவிடுகிறது. அதே காப்பியத்தில் ஆபுத்திரன் கதை இதன் மறுபக்கம். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கையில் இருந்தும், உண்ண ஆளில்லாத மணிபல்லவத் தீவில் அவன் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். பாத்திரத்தில் ஒரு கீறலும் இல்லை, ஆனால் ஏற்பவர் இல்லாத இடத்தில் அதற்கு வேலையும் இல்லை. அறத்தின் கருவி எவ்வளவு முழுமையாக இருந்தாலும் பெறுபவர்தான் அதை நிறைவாக்குகிறார் என்ற கணக்கு இது. கட்டடப் பாதுகாப்புத் துறையும் சுற்றிச்சுற்றி இங்கேதான் வந்திருக்கிறது. ஜப்பானில் உருவான 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணம், ஒரு கட்டடத்தின் மெய்ம்மையை அறிய வடிவம், பொருள் ஆகியவற்றோடு அதன் பயன்பாட்டையும் உணர்வையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது.

அப்படியானால் கட்டடமே எதற்கு, தகரக் கொட்டகையில் சோறு போட்டால் அறமாகாதா என்று ஒருவர் கேட்கலாம். தாராளமாக ஆகும். ஆனால் நல்ல கட்டடம் செய்யும் ஒரு காரியத்தைக் கொட்டகை செய்வதில்லை. தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் இன்னும் அங்கங்கே நிற்கும் சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள். இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒன்று. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாகப் பலவற்றை நட்டிருக்கிறார்கள், இறக்க முடியாமல் போன அவள் சுமைக்கு ஈடாக. அதன் நுட்பம் உயரத்தில் இருக்கிறது. தலைச்சுமைக்காரர் குனிய வேண்டாம், ‘கொஞ்சம் பிடியுங்கள்’ என்று எவரையும் கெஞ்ச வேண்டாம். நின்றபடியே சுமையைக் கல்லுக்கு நகர்த்திவிட்டு, இளைப்பாறிய பின் அதே வழியில் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். வீட்டுத் திண்ணையும் அப்படித்தான். அது பூட்டுக்கு வெளியே இருக்கிறது, சிலவற்றில் தலை சாய்க்கத் திண்டு கூடச் சேர்த்துக் கட்டியிருக்கும். கேட்கும் கூச்சத்திலிருந்து வருகிறவரைக் காப்பாற்றுவதே இந்த வடிவங்களின் வேலை. கொடுப்பவரின் மனம் நாளைக்கு மாறினாலும் கல் மாறாது. ஆகவே வடிவத்தைக் காப்பது வீண் வேலை அல்ல. ஆனால் அதே சுமைதாங்கியைப் பெயர்த்து விடுதித் தோட்டத்தில் பூந்தொட்டி வைக்க நட்டால், கல் முழுசாக இருக்கும், அதன் உயரத்துக்குத்தான் பொருள் இருக்காது.

பணம் என்ற மறுப்பு இன்னும் கடினமானது. வருமானம் இல்லாத கட்டடத்தின் மேல் ஆலமரம் முளைக்கும், கட்டண விடுதியாக்கினால் கூரையாவது நிற்கும் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் சில செட்டிநாட்டு வீடுகள் விடுதிகளாக மாறியதால்தான் அவற்றின் பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் தப்பின. ஆனால் வீடு வேறு, சத்திரம் வேறு. வீடு ஒரு குடும்பத்தின் சொத்து, அதை வாடகைக்கு விடுவதில் யாருக்கும் துரோகமில்லை. சத்திரம் வழிப்போக்கருக்கென்று எழுதிவைத்த தர்மம். மேலும், பழைய சத்திரங்கள் பணமில்லாமல் நடந்தவையும் அல்ல. நஞ்சை மானியங்களின் விளைச்சலே அவற்றின் அடுப்பை எரித்தது. வருமானம் அன்றும் தேவைப்பட்டது, அது வருகிறவர் மடியிலிருந்து வரவில்லை என்பதுதான் வேறுபாடு. எனவே முன்கட்டில் கட்டண அறைகள் இருக்கட்டும், அவற்றின் வரும்படி பின்கட்டின் இலவச அறைகளைத் தாங்கட்டும் என்றால் அது மானிய நிலத்தின் இன்றைய வடிவம். பின்கட்டே இல்லையென்றால் அது பாலாலயத்தோடு நின்றுபோன திருப்பணி.

சாதி பற்றிய மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். எல்லோருக்கும் சோறு என்றார்கள், எல்லோருக்கும் ஒரே பந்தி என்று சொல்லவில்லை. 1920களில்கூடச் சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி பெரும் போராட்டமானது. காசு கொடுத்தவர் எவரானாலும் உட்காரலாம் என்ற ஹோட்டல், அந்த வகையில் சத்திரத்தைவிட நேர்மையானதாகத் தெரியலாம். உணவகத்திலும் விடுதியிலும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாதென்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்ல வேண்டியிருந்ததிலிருந்தே, அங்கும் வாசல் தானாகத் திறக்கவில்லை என்று புரியும். காசு என்ற சல்லடை சாதிச் சல்லடையைவிடப் பரவாயில்லை, ஆனாலும் அது சல்லடை. ஆகம மரபிலேயே இதற்கு வழி இருக்கிறது: அங்கம் பின்னமான திருமேனியை மாற்றிவிட்டு, கலைகளைப் புதியதில் சேர்க்கலாம். தனிப்பந்தி சத்திரத்தின் பின்னமான அங்கம். அதை நீக்குவதற்காக விருந்தையே நீக்க வேண்டியதில்லை.

ராமேசுவரத்துக்கு இன்று யார் நடக்கிறார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. யாத்திரைகள் திசை மாறியிருக்கின்றன, நிற்கவில்லை. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியின் துணைக்கு வந்தவர்கள் துண்டை விரித்துத் தரையில் படுக்கிறார்கள். வேலை தேடி வெளிமாநிலத்திலிருந்து ரயிலில் இறங்குபவர் முதல் இரவைப் பிளாட்பாரத்தில் கழிக்கிறார். சரபோஜியின் பட்டியலில் இருந்த நோயாளியும் கர்ப்பிணியும் அநாதைப் பிள்ளையும் ஊரில் இல்லாமல் போய்விடவில்லை. ஆகவே ஒரு சத்திரத்தைப் புதுப்பித்து முடித்தவரிடம் காரையின் கலவையைப் பற்றிக் கேட்டபின் இன்னொன்றும் கேட்கலாம்: நள்ளிரவில் பசியோடு ஒருவர் இந்த வாசலில் வந்து நின்றால், அவரை உள்ளே அழைப்பது யார் வேலை? அந்த வேலைக்கு ஓர் ஆளும் அவருக்குச் சம்பளமும் திட்டத்தில் இருந்தால் கும்பாபிஷேகம் ஆகிவிட்டது என்று கொள்ளலாம். இல்லையென்றால் கலைகள் இன்னும் கும்பத்திலேயே இருக்கின்றன.